ஒரு கேன் உப்புத் தண்ணீர்

அக்காவின் அறை ஜன்னலில், திரைக்குப் பின்னால் பெரிதும் சிறிதுமாக இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன.

தம்பிக்காரன் பெரியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பகீரென்றது. ஜாடி முழுக்க அந்தச் சனியன்.

சனியனுக்கு என்னவோ கடல் சாமந்தி என்று அழகான பெயர்தான். பார்க்கவும் பூ மாதிரியே இருக்கும், நகத்தளவு. வரவேற்பறையில் அவன் உயிராக வளர்க்கும் கடல் மீன் தொட்டிக்குள் எப்படியோ ஒன்று நுழைந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் குடும்பம் குட்டியோடு பெருகி, பக்கத்திலிருந்த பவளங்களைக் கொட்டிக் கொட்டியே கருக வைத்தது. நறுக்கிப் பார்த்தான். துண்டுக்கு ஒன்றாக முளைத்தது. ஊசியால் சுண்ணாம்புக் கரைசலை ஏற்றினான். அதற்கும் அசரவில்லை.

கடைசியில் மீன் கடைக்காரர்தான் ஓடில்லாத கடல் நத்தைகள் கொஞ்சம் கொடுத்தார். "இதுக்கு அந்தப் பூவைத் தவிர வேற எதுவும் தொண்டையில இறங்காது சார்" என்றார். சொன்னபடியே வழித்துத் துடைத்துத் தின்று தீர்த்தன. தொட்டி பளிங்காகிவிட்டது.

அந்தக் குஷியில்தான் இன்னும் பெரிய தொட்டி ஒன்று வைக்கலாம் என்று அவனுக்கு ஆசை வந்தது. வைக்க இடம் வேண்டுமே? அக்காவின் அறைதான் இருந்தது.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது ஓடி வந்தவள் அக்கா. தையல் வேலையை விட்டாள், குடியிருந்த வாடகை அறையையும் காலி செய்தாள். குளிப்பாட்டுவது முதல் தலை பின்னுவது வரை எல்லாம் அவள்தான். இப்போது மனைவி கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். அக்காவைக் கிளம்பச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் அறைக்கு வந்தான். சொல்ல வாய் வராமல் சில நாட்களாகவே தவித்துக்கொண்டிருந்தான்.

இப்போது கையில் ஜாடி. கோபத்துக்கு நடுவே உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. இனிமேல் காரணம் தேட வேண்டாம்.

இரண்டு ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அக்கா டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். ஜாடிகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அதை ஏன்டா எடுத்தே? பார்த்து, மெல்லக் கீழே வை."

"என்னக்கா இது?"

அக்கா ஜாடிகளை வாங்கக் கை நீட்டினாள். அவன் தரவில்லை.

"நான் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவதானே நீ? எங்கிருந்து வந்துச்சு?"

"நீ எடுத்துப் போட்ட கல்லுல ஒண்ணு ஒட்டிட்டிருந்துச்சு. பிளேடால நறுக்கி விட்டேன். நறுக்கினா பெருகும்னு நீதானே சொன்னே."

"வேணும்னே வளர்த்தியா?"

"ஆமா."

இதற்கு மேல் என்ன விசாரணை? ஜாடிகளைப் பாத்திரம் கழுவும் சிங்க்கில் வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைத் துணி பிடித்துத் தூக்கினான். வெந்நீர் பட்டால் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

அக்கா இரண்டு ஜாடிகளின் வாயையும் இரண்டு உள்ளங்கைகளால் மூடிக்கொண்டாள்.

"கையை எடுக்கா. சுட்டுடும்."

"கொட்டறதுன்னா என் கைமேல கொட்டு."

அவன் பாத்திரத்தைச் சற்றுப் பின்னால் இழுத்தான். "பைத்தியமா உனக்கு? என் தொட்டிக்கு எமன் அது."

"தெரியும்டா. இந்தச் சின்ன ஜாடியை நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தான். ஒரு பூவின்மேல் வெள்ளையாக, முதுகெல்லாம் மயிர் முளைத்த மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவனுடைய நத்தைகள்.

"தொட்டியில பூ தீர்ந்ததும் இதுங்க கண்ணாடியைச் சுத்திச் சுத்தி வந்துச்சுடா. பாதி சுருண்டு செத்தே போச்சு. நீ பார்க்கலை. வேற எதுவும் இறங்காதுன்னு கடைக்காரர் சொன்னாரில்ல? அதான், மிச்சத்தை இதுல எடுத்து விட்டு, நீ மாத்திக் கொட்டற தண்ணியைப் பிடிச்சு, பெரிய ஜாடியில பூவை வளர்த்து இதுல போடறேன்."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. "அதான் வேலை முடிஞ்சுபோச்சே. இனிமே அதுங்க எதுக்குக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. பாத்திரத்தை அடுப்பில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்து வரவேற்பறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினான்.

"சொல்லிட்டான்மா" என்றாள் அக்கா, உரக்க.

"நான்... நான் எப்போக்கா சொன்னேன்?"

"நேத்து டேப்பை வச்சு என் ரூமை அளந்துட்டிருந்தியே, அப்பவே சொல்லிட்டே. மாடியில துணி எடுத்துட்டு வந்தவ வாசல்லயே நின்னுட்டேன். பையும் கட்டியாச்சு."

"எங்கே போவே?"

"இன்னும் பார்க்கலை."

அக்கா ஜாடிகளிலிருந்து கையை எடுத்தாள். கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டு, வடிகட்டி, அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகக் கலந்து நீட்டினாள். கோபமே இல்லாத அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு உதவி பண்ணுடா. உன் தொட்டித் தண்ணி ஒரு கேன் குடு. வேலை முடிஞ்ச இதுங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."