கொய்யாக் கூடையின் ஈரத்துண்டு

“அப்பா, வண்டிக்கும் காய்ச்சல் வருமா?” என்று மெர்சி கேட்டாள். பழைய என்ஜினை வைத்து இருதயராஜ் வீட்டிலேயே கட்டிய கார், அன்றும் மலைப்பாதையின் நடுவில் சூடாகி நின்றுவிட்டது. கார்ப்பரேட்டர், பிளக், காயில் எல்லாம் மாற்றியாயிற்று. இனி வண்டி பழைய இரும்புக்கடைக்குத்தான் என்று நினைத்தார்.

வளைவில் கொய்யா விற்ற பெண் சிரித்தாள். “காய்ச்சல்னா ஈரத்துணி போடணும்லா அண்ணே? பிள்ளைக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலையே!” என்று கூடையை மூடியிருந்த ஈரத்துண்டை நீட்டினாள்.

வேறு வழியின்றி அதை என்ஜினை ஒட்டிச் சூடேறியிருந்த பெட்ரோல் பம்பில் சுற்றினார். சூட்டில் ஆவியாகி அடைத்திருந்த பெட்ரோல் குளிர்ந்து, சற்று நேரத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது. உச்சிவரை “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்றபடியே ஓட்டினார்.

மலையிறங்கும்போது அந்த வளைவில் நிறுத்தினார்; அவளைக் காணவில்லை. கூடையில் கொய்யாக்கள் மூடாமல் வெயிலில் கிடந்தன. மெர்சி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தன் புதுத்துண்டை ஓடையில் நனைத்துக் கூடையின்மேல் விரித்தார். பிறகு மகளின் தூக்கம் கலையாதபடி, என்ஜினை முடுக்காமல், வண்டியைச் சரிவில் மெல்ல உருளவிட்டார்.