ஜன்னலுக்குத் தெரியும் முதுகு

"இது வேணாம் சார். இதுல உட்கார்ந்தா ஒரே வாரத்துல முதுகு போயிடும்" என்றார் டேப்.

தையல்காரர் போல எந்நேரமும் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு திரிவதால் அந்த சைக்கிள் கடையில் அவருக்கு அப்படி ஒரு பெயர். விலை உயர்ந்த பந்தய சைக்கிள் வாங்க வருபவர்களை அளந்து, அவரவருக்குத் தோதான ஃப்ரேமைச் சொல்வதுதான் வேலை. ஆள் சிடுமூஞ்சி. ஆனால் அவர் ஒரு அளவைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வந்தவர் ஸ்டாண்டில் பூட்டியிருந்த நீல சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்தார். இன்னும் மிதிக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் வேர்த்துக் கொட்டியது.

"சைஸ் சரிதானே?"

"சைஸ்ல தகராறே இல்ல. ஐம்பத்தாறு. காலு, கை, உடம்பு எல்லாம் உங்க அண்ணனோட அச்சு அசல். ரெட்டைப் பிள்ளைங்கன்னா சும்மாவா? ஆனா சைஸ் மட்டும் போதாது சார். இந்த ஃப்ரேம் முன்பக்கம் தாழ்ந்தது. மடிஞ்சு படுத்துக்கிட்டுத்தான் ஓட்டணும். அதோ சுவத்துல மாட்டியிருக்கே, அது முன்பக்கம் உயர்ந்தது. அதே சைஸ், அதே நீலம். நிமிர்ந்து உட்கார்ந்து போகலாம். அதை எடுத்துக்குங்க."

"எனக்கு இதுதான் வேணும்."

"முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கா?"

தம்பி திடுக்கிட்டார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உட்கார்ற தினுசுலயே தெரியுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பானரை மறுபடி துடைத்தார் டேப்.

கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் இங்க வந்தா கடையே கலகலன்னு இருக்கும். எனக்கு இந்தப் பேரை வெச்சதே அவர்தான். அவர் மேல ஏத்தின அந்த லாரிக்காரனுக்குக் கண்ணு எங்க போச்சோ" என்றார் டேப்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவங்க இதயம் இருக்கிற இருப்புக்கு, சொன்னா அந்த நிமிஷமே உயிர் போயிடும்னு பயம். அண்ணன் வெளியூர்ப் பந்தயத்துக்குப் போயிருக்கான், நாளைக்குத் திரும்பிடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நாளைக்கா?"

"தினமும் காலையில எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழதான் போவான். அம்மா மாடியில கட்டில்ல இருந்தபடியே பார்ப்பாங்க. அவன் போனதைப் பார்த்துட்டுத்தான் ஒரு வாய் காபி குடிப்பாங்க. இப்போ தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது. பெரியவன் எங்கே, பெரியவன் எங்கேன்னு ஒரே கேள்வி."

"அதனால நீங்க போகப் போறீங்க."

"ஹெல்மெட், கண்ணாடி போட்டா முகம் தெரியாது. மேல இருந்து பார்த்தா முதுகுதான் தெரியும். அண்ணன் வில்லு மாதிரி வளைஞ்சு போவான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து போனா ஒரே பார்வையில குட்டு உடைஞ்சிடும்."

"நாளைக்குப் பார்த்துட்டு, மாடிக்கு ஏன் வரலைன்னு கேப்பாங்களே?"

"கேப்பாங்க. அதுக்கும் ஒரு பொய் சொல்லணும். டாக்டர் ரொம்ப நாள் கெடு குடுக்கல. அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடணும்."

டேப் முறைத்தார். "சரி, குனிங்க. பார்க்கலாம்."

தம்பி குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

"அண்ணன் இடது கையை எடுத்து ஆட்டிட்டுப் போவான்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுக்கப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. டேப் தாங்கிப் பிடித்தார். மறுபடி முயன்றார். மூன்றாம் தடவை கை மேலே எழுந்து ஆடியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வலியினாலா, அண்ணன் ஞாபகத்தினாலா என்று டேப் கேட்கவில்லை.

"கடைசியாச் சொல்றேன் சார். அந்த உயர்ந்த ஃப்ரேமை எடுத்துக்குங்க. உங்களுக்கு ஏதாவது ஒன்னு ஆயிட்டா அவங்களுக்கு யாரு?"

"இதையே மாட்டிக் குடுங்க. காலையில கடை திறந்ததும் வந்துடறேன்."

"பிடிச்ச பிடியில நிக்கறீங்க. ஹேண்டிலுக்கு அடியில வளையம் போட்டுக் கொஞ்சமாவது தூக்கித் தரேன். மாடியில இருந்து பார்த்தா தெரியாது."

"நிச்சயமாத் தெரியாதே?"

"தெரியாது."

மழை விட்டதும் தம்பி இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். தெருமுனையில் அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த டேப், முந்தின நாள் தன் போனுக்கு அழைப்பு வந்திருந்த ஒரு எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார்.

"நீங்க சொன்ன மாதிரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்மா. நிமிர்ந்து உட்கார்ற வண்டியே வேணாம்னுட்டார். ஹேண்டிலை மட்டும் கொஞ்சம் உயர்த்தித் தரேன்."

மறுமுனையில் ஒரு வயதான குரல் மூச்சு வாங்கிக்கொண்டே பேசியது.

"புண்ணியமாப் போகும்ப்பா. லாரி வந்தா ஒதுங்கி நிக்கச் சொல்லு. பெரியவன் போனதை அன்னைக்கே சின்னவன் முகத்துல படிச்சுட்டேன். இந்த வண்டி விஷயமும் அவன் போன்ல பேசறப்போ காதுல விழுந்துச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் ஒடிஞ்சு போயிடுவான். நாளைக்குக் காலையில அவன் கையாட்டினா, நான் பெரியவன் பேரைச் சொல்லியே கூப்பிடறேன்."