பழையது

"உங்க அக்காவுக்கு எத்தனை நாளாம்மா இப்படி வயிறு எரியுது?"

பாகூர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர், படுத்திருந்த ருக்குமணியைக் காட்டி, பக்கத்தில் நின்ற காசம்மாளிடம் கேட்டார்.

ருக்குமணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

காசம்மாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். செலியமேட்டுப் பலராமனுக்கு முதல் தாரம். பிள்ளையில்லை என்று அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் ருக்குமணி. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் மிச்சம்.

"இவ என் தங்கச்சி தம்பி. நான்தான் பெரியவ."

டாக்டர் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ருக்குமணியைச் சுட்டது.

பலராமன் இருந்தவரைக்கும் காசம்மாளைப் பார்த்து ருக்குமணி பொறாமைப்பட ஒன்றுமே இருந்ததில்லை. நகை இவளுக்கு. கட்டில் இவளுக்கு. கொத்துச்சாவி இவள் இடுப்பில். கரும்பு வெட்டுகிற காலத்தில்கூட வெயில் படாமல் உட்கார்ந்திருந்தவள் இவள்தான்.

இப்போது பாதிப் பல் இல்லை. தூக்கம் இல்லை. எதைத் தின்றாலும் நெஞ்சைக் கரிக்கிறது.

காசம்மாளோ தவிட்டு மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வந்து மாட்டுக்குக் கரைத்து வைக்கிறாள். இன்றைக்குக் காலையில்கூட, "உனுக்குக் குலுங்கும், நீ கால நீட்டிக்கடி" என்று சொல்லி இவளை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, செலியமேட்டிலிருந்து பின்னாலேயே நடந்து வந்தாள். மூச்சு வாங்கவில்லை.

வழி நெடுக அந்த நடையைப் பார்த்துக்கொண்டே வந்தாள் ருக்குமணி. ஒரு கல்லாவது தடுக்கினால் தேவலை என்றிருந்தது.

தடுக்கவில்லை.

"இந்த வயசுல இப்படி இருக்கீங்களே, அப்படி என்னதாம்மா சாப்பிடுறீங்க?" டாக்டர் காசம்மாளிடம் கேட்டார்.

ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பழையதுதான் தம்பி. ராத்திரி மீந்த சோத்துல தண்ணி ஊத்தி வெச்சா, காலைல லேசா புளிச்சிருக்கும். மோரு வுட்டு, ரெண்டு வெங்காயம் கடிச்சிக்குவேன். அவ்ளோதான்."

"நல்ல பழக்கம். புளிச்ச சோறும் மோரும் குடலுக்கு இதம். யாரு பழக்கிவிட்டது, உங்கம்மாவா?"

"எங்கம்மா வூட்டுல எப்பவும் சுடுசோறுதான். இவதான் சொன்னா, கல்யாணமாயி வந்த புதுசுல. அன்னியிலேருந்து நானும் வுடல."

டாக்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. ருக்குமணி பக்கம் திரும்பினார். "அவங்களுக்குச் சொல்லிட்டு நீங்க ஏம்மா சாப்பிடாம விட்டீங்க?"

ருக்குமணிக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

கல்யாணமாகி வந்த மறுநாள். கூறைப்புடவையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. காசம்மாள் வடித்து இறக்கிய பானையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ருக்குமணி சொன்னாள்: "சுடுசோறு எனுக்கும் அவருக்கும். உனுக்குப் பழையது போதும்."

பலராமன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் தட்டை ருக்குமணி பக்கம் நகர்த்தினார்.

இப்போது காசம்மாளின் முகத்தில் ஒரு குத்தலாவது, ஓர் இளக்காரமாவது தெரிகிறதா என்று ருக்குமணி தேடிப் பார்த்தாள். தெரிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாளிக்கிலேருந்து ரெண்டு பேருக்கும் சேத்தே தண்ணி ஊத்தி வெக்கிறேன். எழுந்திரு, போலாம்" என்று காசம்மாள் கையை நீட்டினாள்.

ருக்குமணிக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது.