நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரே சண்டை

என் தலைக்குள் இருக்கும் கணினிக்கு இனிமேல் அப்டேட் வராது என்று அறிவிப்பு வந்தது. புதியதை வாங்கி, நினைவுகளை அதற்கு மாற்றுவதற்காகக் காந்திபுரத்துக் கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்று முறை பாதியில் நின்று உயிரை வாங்கியது. நான்காவது முறை அரை மணியில் முடிந்துவிட்டது.

"எழுபத்தோரு வருஷத்தை எப்படிம்மா அரை மணியில மாத்துன?" என்று கடைப் பெண்ணைக் கேட்டேன்.

"ஒரே மாதிரி இருக்கற நெனப்புல ஒண்ண மட்டும் வெச்சுட்டு மிச்சத்த அழிச்சிருச்சுங்கய்யா. இனி தெனமும் நீங்க தூங்கறப்ப அதுவே பாத்து அழிச்சுக்குமுங்க."

பழைய கணினியில் இருந்ததை அதற்குள் முழுக்க அழித்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கை எனக்குப் பதினொரு நாளாகச் சுருங்கியிருந்தது. அதில் சண்டை ஒன்றே ஒன்று, கட்டிலில் ஈரத்துண்டைப் போட்டதற்காக.

"ஒண்ணுதானுங்களா?" என்றாள், வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்ட மனைவி கோகிலவாணி. "தெனமும் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனனே, அதெல்லாம் எங்கீங்க போச்சு?"

இன்று காலை கட்டிலில் ஈரத்துண்டு கிடந்தது. அவள் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"வாழ்க்கையில ஒரே ஒருக்கா சொன்ன விஷயம். அதுக்குப் போயி இத்தன கோவமா?" என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

"இதோட இருபது நாளா இதையேதான் கேக்கறீங்க."

எனக்குப் பாவமாகிவிட்டது. துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, இனிமேல் போடமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"சத்தியமும் இருபதாவதுங்க" என்றாள்.