ஹாக்கிள்த்வைட் வீட்டு மாப்பிள்ளை

மாட்டிறைச்சி அறுக்கிற கத்தியை ஜன்னல் பக்கம் நீட்டினார் வில்ஃப்ரட் ஹாக்கிள்த்வைட். "அதோ, சர்ச் பக்கத்துல வரிசையா கல்லறை தெரியுதா? அத்தனையும் ஹாக்கிள்த்வைட். முதல் கல்லு எட்வின்."

"எட்மண்ட்," என்று திருத்தினாள் அவர் மனைவி ஆக்னஸ், கிரேவி கிண்ணத்தை நகர்த்தியபடியே.

"எட்மண்ட்," என்றார் அவரும், கொஞ்சமும் அசராமல்.

டெரெக் ஸ்மித் தலையாட்டி வைத்தான். லீட்ஸிலிருந்து பஸ் பிடித்து இந்த யார்க்ஷயர் மலைக்குள் அவன் வந்தது கல்லறை பார்க்க அல்ல, அவர் மகள் ஜூடித்தைப் பெண் கேட்க. மனுஷன் வாயைத் திறக்க விட்டால்தானே கேட்பதற்கு!

வில்ஃப்ரட் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு அந்தக் காலத்தில் த்வைட் என்று பேர்; இந்தப் பண்ணையைத் திருத்தியவன்தான் முதல் ஹாக்கிள்த்வைட். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹாக்கிள்த்வைட் மண்டையில்தான் விழுமாம். பஞ்சாலைக்குப் போனவர்கள் போக, கனடாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏற, மிச்சம் இந்த ஒரு வீடு.

"மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயர்ல நாலஞ்சு பேர் இருக்காங்கன்னு ஜூடித் சொன்னா," என்றான் டெரெக், பேச்சுக் கொடுக்கலாமே என்று.

"லங்காஷயர்காரனையெல்லாம் யாரு கணக்குல சேர்த்தா?" என்றார் வில்ஃப்ரட். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து ஸ்மித்துக்கு வந்தார். ஸ்மித் என்றால் கொல்லன்; ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், அதனால் தெருவுக்கு ஒரு ஸ்மித். அதெல்லாம் ஒரு பேரா என்று கேட்டார். "பல் டாக்டர் வீட்டுல 'ஸ்மித்'னு கூப்பிட்டா நாலு பேர் எழுந்திருப்பான். முந்துறவன் நாற்காலியில உக்காருவான். எவனுக்கோ பிடுங்க வேண்டிய பல்லு இவன் வாயிலேருந்து போயிடும். நல்ல பல்லு!"

சொல்லும்போதே வலது தாடையைத் தடவிக்கொண்டார். ஜூடித் தட்டை விட்டு நிமிரவேயில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தான் டெரெக்.

கடைசியில் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார் வில்ஃப்ரட். "எனக்கு ஒரே பொண்ணு. பேரு என்னோட போயிடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி வக்கீல்கிட்ட போயி நீ ஹாக்கிள்த்வைட்டா மாறிடணும். முடியாதுன்னா சாயங்கால பஸ் இருக்கு, பார்த்துக்க."

டெரெக் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். அவன் அப்பா லீட்ஸில் பஸ் ஓட்டுகிறவர். பண்ணையா, நிலமா, மகனுக்கென்று அவர் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பேர்தான். ஜூடித்தைக் கைவிடவும் மனசில்லை, அப்பா முகத்தில் முழிக்கவும் தைரியமில்லை.

ஜூடித் இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் சொட்டு ஈரம் இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

"ஜூடித்துக்காக மாத்திக்கிறேன் சார்," என்றான். "ஆனா எங்கப்பாகிட்ட இதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? அவரு உசுரே போயிடும்."

வில்ஃப்ரட் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்னஸ் டெரெக்கின் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இதே மேஜையில எங்கப்பா இதையே கேட்டப்போ, நீங்க உங்கப்பா ஸ்மித்கிட்ட என்ன சொல்லிச் சமாளிச்சீங்களோ, அதையே இந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுங்களேன்."