உறை மாறிய படங்கள்

கூடத்துத் தரையில் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழுந்திருக்கிறது. அதில் அம்மாவும் மகளும் டிவிடிப் பெட்டிகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பின்புறமுள்ள பார்கோடையும் மகள் போன் கேமராவுக்குக் காட்டுகிறாள்; போன் கீச்சென்கிறது. பழைய படங்களை வாங்கும் இந்த ஆன்லைன் கடை கையில் காசு தராது, தன்னிடமே வேறு பொருள் வாங்க வரவு வைக்கும். இவர்களுக்கு வேண்டியது அப்பாவின் படுக்கைப்புண்ணுக்கு ஒரு காற்று மெத்தை. உறையும் படமும் பொருந்தாவிட்டால் கடை எடுக்காது. அப்பாவோ பார்த்து முடித்த படத்தை, அடுத்த படத்தை எடுத்த பெட்டியிலேயே போட்டு மூடிவிடுகிறவர். எதைத் திறந்தாலும் அதற்கு முன்னால் பார்த்த படம் கிடக்கிறது. கடைசியாகப் பார்த்தது மட்டும், அவர் விழுந்த அன்றிலிருந்து பிளேயருக்குள்ளேயே இருக்கிறது.

“பாதி மெத்தைக்குக்கூட தேறாதும்மா.”

“பரவால்ல, அனுப்பு.”

உள்ளறையிலிருந்து அப்பா கேட்கிறார். “என்ன டக்கு டக்குன்னு சத்தம்? அடுக்குறீங்களா?”

“ஆமாங்க. அததை அதது உறையில போடுறோம்,” என்கிறாள் அம்மா.

“இருபது வருஷமா கத்துன. கடைசியில ஜெயிச்சிட்ட.” சிரிப்பு இருமலில் முடிகிறது. “சாயங்காலம் ஒண்ணு போடு. எதுன்னாலும் சரி. நீயும் வந்து உக்காரு.”

“போடுறேங்க.”

அம்மா பிளேயரின் பொத்தானை அழுத்துகிறாள். தட்டு மெல்ல வெளியே நீள்கிறது. படத்தை எடுத்து, வாயால் ஊதி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு கீறல்கூட இல்லை. கடையில் இதையும் எடுத்துக்கொள்வார்கள்.