ஆ காட்டு

கூடத்தின் நடுவே முப்பரிமாணச் சண்டைப் படம் ஓடி, அதில் ஆளுயரப் பிம்பங்கள் ரத்தம் சிந்த வெட்டுப்பட்டு விழுந்தால்தான் நான்கு வயது மகிழினி வாய் திறப்பாள். அம்மா கோமளா அப்படித்தான் சோறு ஊட்டிப் பழக்கியிருந்தாள்.

அன்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா இளவழகன், ஏணி சரிந்து கண்ணாடி மேசைமேல் விழுந்தார். சமையலறையில் கோமளாவுக்குச் சத்தம் கேட்டது. பிள்ளை படம் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கழுத்தில் வெட்டு. அப்பாவால் கத்த முடியவில்லை; மகளிடம் முனகினார்.

"பாப்பா... அம்மாவைக் கூப்பிடும்மா..."

மகிழினி பெருகும் ரத்தத்தைப் பார்த்தாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, பசிக்குது! சோறு கொண்டா!"

கோமளாவுக்குக் கண் கலங்கியது. மகள் தானாகச் சோறு கேட்பது இதுதான் முதல் தடவை.

"என் தங்கமே! இருடி, நெய் உருக்கி ஊத்திப் பிசைஞ்சு எடுத்துட்டு வரேன்."

கூடத்தில் அப்பாவின் அசைவு நின்றுவிட்டது. மகிழினி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.